புதன்கிழமை நாடக வகுப்பைத் திருப்பிக் கேட்டு

அனுப்புநர்:
ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தியின் தாயார்,
மனுப் பிரிவு எழுத்தர்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: தொடக்கப் பள்ளியில் நிறுத்தப்பட்ட புதன்கிழமை நாடக வகுப்பை மீண்டும் நடத்த உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. அவ்வகுப்பை நிறுத்தக் கோரி முப்பத்தொரு பெற்றோர் அளித்த மனு.
2. அதன்மீது தாங்கள் பிறப்பித்த உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மனு வாங்கும் சன்னலில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருபவர்களிடம் மனுவை வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு உள்ளே அனுப்புவது என் பணி. உள்ளே போன மனு என்ன ஆகும் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

2. என் மகளுக்குப் பத்து வயது. பேச்சு திக்கும். காலையில் வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்ல அவள் படும் பாட்டை வகுப்பே வேடிக்கை பார்த்துச் சிரிக்கும். வீட்டில் அவள் வாயைத் திறந்ததுமே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. சன்னலில் உட்கார்ந்து பழகியவளுக்கு எல்லோரும் வரிசையில் நிற்பவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

3. இக்கல்வியாண்டின் தொடக்கத்தில், புதன்தோறும் கடைசி இரண்டு பாடவேளைகளுக்குப் பழைய ஓவிய அறையில் நாடக வகுப்பு தொடங்கியது. மேடை இல்லை, ஒப்பனை இல்லை. இரண்டு பெஞ்சும், திரையாகத் தொங்கவிட்ட ஒரு போர்வையும்தான். பிள்ளைகள் 'நாடக அக்கா' என்று அழைக்கும் ஆசிரியை முதலில் வைத்த பயிற்சி, ஆளை மாற்றிக்கொள்வது. வகுப்பில் எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கும் மாணவி என் மகளாக நின்று வருகைப் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போலச் சிரிக்க வேண்டும். அந்தப் பெண் பாதியிலேயே அழுதுவிட்டாளாம். மறுநாள் காலை யாரும் சிரிக்கவில்லை. நான் தலைமை ஆசிரியரிடம் நடையாய் நடந்தும் ஆகாத காரியம் அது.

4. அடுத்த பயிற்சி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை ஒரு வாரம் கவனித்து, அவரிடம் சொல்லாமல், அவராகவே நடித்துக் காட்டுவது. பார்க்கப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். போர்வையை விலக்கிக்கொண்டு வந்த என் மகள், என்னுடைய பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டியிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, தீப்பெட்டியை முத்திரை போலக் குத்தினாள். "ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, நகல் எங்க? நகல் இல்லாம எதுக்கு வந்தீங்க? சன்னல மறைக்காதீங்க. அப்புறம் வாங்க, போங்க, போங்க!" என்றாள். அறையே குலுங்கியது. என்னிடம் மூன்று முறை மனு கொடுத்திருக்கும் எதிர்வீட்டு லாரி ஓட்டுநர், "அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கா" என்று கைதட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

5. பார்வை 1-இல் கண்ட மனுவை மறுநாளே எழுதியவள் நான்தான். 'மாணவர்களின் கல்வி நலன் கருதி, மேற்படி பாடவேளைகளைக் கணக்குப் பயிற்சிக்கு ஒதுக்குமாறு' என்ற வாசகம் என்னுடையது. எந்தச் சொல்லைப் போட்டால் அதிகாரி கையெழுத்திடுவார் என்பது எனக்கு அத்துப்படி. பள்ளி வாசலில் நின்று முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். பெரும்பாலோர் படிக்காமலேயே போட்டார்கள். ஒன்பதாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. என் சன்னலைக் கடந்துபோன எந்த மனுவுக்கும் இந்தக் கொடுப்பினை வாய்த்ததில்லை.

6. உத்தரவு வந்த அன்று மாலை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் போல நடித்த அன்று என் மகள் திக்கவில்லை. அவ்வளவு பேச்சில் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. என்னைப் பார்த்து ஊர் சிரித்தது காதில் விழுந்த எனக்கு, என் பிள்ளை பேசியது காதில் விழவில்லை.

7. வகுப்பு நின்று ஆறு வாரங்கள் ஆகின்றன. ஓவிய அறையில் உடைந்த மேசைகளைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வருகைப் பதிவில் பழைய சிரிப்பு திரும்பிவிட்டது. என் மகள் பேசுவதையே விட்டுவிட்டாள். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறாள். நேற்று அவள் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, என்னைப் போல ஒரு தடவை பேசிக்காட்டு என்று கெஞ்சினேன். அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டில் எழுதித் தந்தாள்: "நகல் இல்லை. அப்புறம் வாங்க."

8. எனவே, பார்வை 2-இல் கண்ட உத்தரவை ரத்து செய்து, ஓவிய அறையைக் காலி செய்யச் சொல்லி, அதே ஆசிரியையை வகுப்பு நடத்த மீண்டும் அழைக்குமாறு வேண்டுகிறேன். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. கையெழுத்திட்ட மற்ற முப்பது பேர்மீதும் இல்லை. முதலாவதாக உள்ள என் கையெழுத்தை அடித்துவிடவும்.

9. விசாரணைக்கு அழைத்தால் மகளையும் கூட்டிவருவேன். தங்கள் முன் அவள் வாய் திறந்தால், ஒரு சொல் வர வெகுநேரம் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருக்க வேண்டும், ஐயா. மீதியைச் சொல்ல நான் வாயெடுத்தால், தயவுசெய்து என்னை வெளியே அனுப்பிவிடுங்கள்.

இடம்: மனுப் பிரிவு, சன்னலுக்கு வெளிப்புறம்
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
(கையெழுத்து)
மாணவியின் தாயார்

இணைப்பு:
1. முந்தைய மனு – நகல்.
2. மகள் எழுதிய துண்டுச் சீட்டு – அசல். இதற்கு நகல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.