பின்தோலுக்கு ஆள்

அன்பு மகள் சிஹோவுக்கு அப்பா வாயால் சொல்லி எழுதுவித்த கடிதம். மூச்சுக்கும் பசிக்கும் குறைவில்லாமல் நான் இங்கே இருக்கிறேன், நீயும் பேரன் எமிலும் அந்தக் குளிர் தேசத்தில் கை கால் சுகத்தோடு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். யார் கையெழுத்து இது என்று யோசிக்காதே, வாரத்தில் இரண்டு நாள் என்னைக் குளிப்பாட்ட வருகிற ஷியோபாரா அம்மாதான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் பார்த்தது எதுவும் இறங்கிப் போனதுமில்லை. அவள் நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் சொல்வது சொன்னபடி எழுத வேண்டும் என்றேன், குளிக்கும்போது நான் சொல்வதைச் சொன்னபடி கேட்டால் எழுதுவேன் என்றாள்.

இறந்தவர்களுக்குப் படைக்கும் ஓபோன் பண்டிகையின்போது நீ தொலைபேசியில் பேசினாயே, அதற்குத்தான் இது பதில். போனில் எனக்குப் பேச வராது, அந்தக் கருவியைக் காதில் வைத்ததும் வாய் கட்டிப்போய்விடுகிறது. அம்மாவின் படத்துக்கு முன்னால் என்ன வைத்தீர்கள் என்று கேட்டாய், கத்தரிக்காயும் பேரிக்காயும் என்றேன். பிறகு, "நான் ஆரம்பிச்சேன்ப்பா. நீங்க வரல" என்றாய், வைத்துவிட்டாய். என்ன ஆரம்பித்தாய், எங்கே நான் வரவில்லை, ஒன்றும் எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு நீ கூப்பிடவுமில்லை. எமில் வரைந்து அனுப்பும் மீன் படமும் இந்த முறை வரவில்லை. இப்போது எனக்குப் புரிந்துவிட்டது மகளே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அது பழைய பேரரசர் படுக்கையில் விழுந்த வருஷம். அந்த வசந்தத்தில்தான் கடலுக்கு அடியில் சுரங்கம் திறந்து ஹொக்கைடோவுக்கு ரயில் விட்டார்கள், ஹச்சினோஹே பக்கம் மழையில் நெல் முற்றாமல் பச்சையாகவே நின்றதும் அந்த வருஷம்தான். தொலைக்காட்சியில் ஒரு கார் விளம்பரம் வரும், காருக்குள் இருக்கிறவர் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். பேரரசர் அப்படிக் கிடக்கும்போது சௌக்கியமா என்று கேட்பது அழகில்லை என்று அந்தக் குரலை மட்டும் எடுத்துவிட்டார்கள், வாய் அசையும், சத்தம் வராது. நீ அப்போது அடுத்த வசந்தத்தில் பள்ளிக்கூடம் சேர வேண்டிய பிள்ளை. விடுதிக் கூடத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவர் வாய் அசையும்போதெல்லாம் நீயே குரல் கொடுப்பாய், எல்லாரும் சௌக்கியமா, எல்லாரும் சௌக்கியமா என்று. நம் முரசுக் குழுவே சிரிக்கும். கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் கட்சுமி, "சௌக்கியம் பாட்டியம்மா" என்று பதில் சொல்வான்.

நம் முரசுக் குழு பேருந்தின் ஆறு இருக்கைகளில் படுத்துத் தூங்கி ஊர் ஊராகப் போன குழு. லாரி ஓட்டுவது கட்சுமி, பெரிய முரசைக் கடைசியில் ஏற்றி முதலில் இறக்குவான், மெத்தைகளைச் சுற்றிக் கட்டிவிட்டுக் குழந்தைக்குப் போர்த்துவதுபோல மேலே தட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவான். தலைவர் முராசே. குழல் ஊத ஓரியே, சிறு முரசுகளுக்கு கென்ஜிரோ. காலையில் எல்லோரும் ஓட வேண்டும், பனியோ மழையோ. ஓடிவிட்டு வந்து முறை வைத்துச் சமையல், சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும். பேருந்துக்குள் குறுக்கே கயிறு கட்டி வேர்வைத் துணி காயும், நீ அதற்கு அடியில் ஒளிந்து விளையாடுவாய். பெயர்ப் பலகை படிக்கத் தெரியாததால் ஊர்களை நான் தின்றதை வைத்துத்தான் நினைவில் வைத்திருப்பேன், கணவாய் ஊர், பூசணி ஊர், சூப்பில் உப்பு அதிகம் போட்ட ஊர் என்று. அம்மாதான் என் காதில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு மேடையேற்றுவாள், நன்றி சொல்லும்போது தப்பான ஊருக்குச் சொல்லிவிடாமல் இருக்க.

பெரிய முரசுக்கு இரண்டு முகம். முன்தோலில் நான், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடுப்புத் துணியோடு. பின்தோலில் உன் அம்மா தெருயோ, அவளை யாரும் பார்க்க முடியாது. அடித்தாளம் அவளுடையது, தோன், தொகோ, தோன், தொகோ என்று நடந்துகொண்டே இருக்கும், அதன் மேல்தான் நான் ஏறி நிற்பேன். நம் குழுவில் முன்தோல்காரன் முதலில் அடிக்கக் கூடாது. ஒன்று இரண்டு என்று எண்ணுவதோ கூவிச் சைகை செய்வதோ கிடையாது. பின்னால் இருப்பவள் தனக்குத் தோன்றும்போது தொடங்குவாள், அதுவரை மேடையில் உள்ள அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சில நாள் வேண்டுமென்றே தாமதிப்பாள். முந்தின இரவு நான் குடித்திருந்தால் இன்னும் அதிகம் தாமதிப்பாள், என் தோள் கடுக்கட்டும் என்று. "முன்னாடி நிக்கிறவருக்குக் கைதட்டல், பின்னாடி நிக்கிறவளுக்குக் கொசு" என்பாள். உன்னை முதுகில் கட்டிக்கொண்டுதான் ஒத்திகையெல்லாம் அடித்தாள், தாளம் ஓடும்வரை நீ தூங்குவாய், நின்றால் விழித்துக்கொண்டு அழுவாய். உன் பிரசவத்துக்கு அவள் போனபோது பெரிய முரசுப் பாட்டையே நிறுத்திவைத்தோம், பின்தோலுக்கு வேறு ஆளைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அது அவள் இடம், அவ்வளவுதான்.

அந்த இலையுதிர்காலத்தில் லாரியும் முரசும் நானும் கட்சுமியும் ஹொக்கைடோவுக்குக் கப்பலில் கடந்தோம், மற்றவர்கள் புது ரயிலில். அம்மா உன் கையை ஜன்னலில் வைத்து, நம் தலைக்கு மேலே இப்போது அப்பா போய்க்கொண்டிருக்கிறார் என்று சொன்னாளாம், நீ மேலே பார்த்துக் கை ஆட்டினாயாம். போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு அரங்கமாக வேண்டாம் என்கிறது. நாடே அடக்கமாக இருக்கும்போது முரசு அடிக்கலாமா என்று. முராசே விடுதிப் போனிலிருந்து காதைத் தேய்த்துக்கொண்டு வருவார், இதுவும் போச்சு என்பார். திரும்பிப் போகவும் மனசில்லை, கை மறந்துபோகாமல் இருக்கப் பழைய லாரி டயர்களில் துண்டைச் சுற்றிவைத்து அடித்துப் பழகினோம். வடக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், முதல் பனி விழுந்திருந்தது. அன்று சமையல் முறை அம்மாவுடையது. அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று துண்டைக் கட்டிக்கொண்டாள், மறுபடி தண்ணீரில் கைவிட்டவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மருத்துவமனைக்குப் போனவள் கண் திறக்கவேயில்லை. கழுவின அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல் ஓரியே அதைச் சமைத்துவிட்டு, சாப்பிட முடியாமல் பானைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அந்த ஊர்க் கோயில் குருக்கள் இறுதிச் சடங்குக்கு இடம் கொடுத்தார். முரசு அடிக்கக் கூடாது என்று தெருத் தலைவர் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். குருக்கள் கேட்டுவிட்டு, "துக்கமா இருங்கன்னுதானே சொல்லியிருக்காங்க, இதுவும் துக்கம்தானே. கதவைச் சாத்திட்டு ஒரு பாட்டு அடிங்க, யார் கேட்டாலும் நான் பார்த்துக்கறேன்" என்றார். ஆகவே சிஹோ, பேரரசருக்கோ ஊருக்கோ பயந்து அப்பா அடிக்காமல் இருந்தேன் என்று யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அது பொய். முரசைக் கூடத்தில் நிறுத்தினோம். சவப்பெட்டியைப் பின்தோலுக்கு நேராக, அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் வைக்கலாம் என்றது கட்சுமி. அதுதான் சரி என்று எல்லோருக்கும் பட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் உன்னை உட்காரவைத்தோம். ஓரியே குழலை உதட்டில் வைத்துக்கொண்டாள், கென்ஜிரோ கோலைத் தூக்கினான், முராசே தூக்கினார், நானும் தூக்கிக்கொண்டு முன்தோலுக்கு நேராக நின்றேன். நின்றோம். எல்லோரும் மேடையில் நிற்பதுபோலத்தான் நின்றோம், எல்லோரும் அவள் தொடங்கட்டும் என்று காத்திருந்தோம். யார் தொடங்குவது என்ற நினைப்பே அதுவரை ஒருவருக்கும் வரவில்லை மகளே, வந்தபோது கைகள் மேலே இருந்தன. அவள் பெட்டியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் போய் நிற்க யாருக்கும் கால் எழவில்லை. நான் முதலில் அடித்திருக்கலாமே என்றால், அத்தனை வருஷம் அவள் தாளம் கேட்காமல் ஒருமுறை கூட இறங்காத கை, அன்று மட்டும் எப்படி இறங்கும். தோள் நடுங்கும்வரை நின்றோம். பிறகு முராசே கோலைத் தாழ்த்தி முரசைப் பார்த்துக் குனிந்தார், நாங்களும் குனிந்தோம். வெளியே வந்தால் தெருத் தலைவர் நிற்கிறார், ரொம்ப அடக்கமா, மரியாதையா முடிச்சீங்க, ஊர் சார்பா நன்றி என்கிறார். கட்சுமி இரண்டு கையாலும் முராசேயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், இல்லாவிட்டால் அன்று இன்னொரு காரியமும் நடந்திருக்கும்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், இந்த ஓபோன் வரைக்கும். ஷியோபாரா அம்மா இங்கே நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள், விஷயத்துக்கு வாங்க தாத்தா, பேனா தீர்ந்துடும் என்கிறாள்.

உன் பேச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு கட்சுமியைப் பார்க்கப் போனேன். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அந்தப் பெரிய உடம்பு போர்வைக்குக் கீழே காணவில்லை. மதியச் சாப்பாட்டில் ஊறுகாய் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று புகார் சொன்னான், சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த முள்ளங்கித் துண்டைக் கொடுத்தேன், கடிக்க முடியாமல் சப்பிக்கொண்டிருந்தான். நீ சொன்னதைச் சொன்னேன். சப்புவதை நிறுத்திவிட்டான். "அண்ணே, நான் வலப்பக்கம் ஓரமா நின்னேன்ல, அங்கேருந்து உள்பக்கம் தெரியும். பாப்பா முட்டி போட்டு ரெண்டு உள்ளங்கையாலயும் பின்தோலைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு. சத்தமே இல்ல. உதடு மட்டும் அசையுது, தோன், தொகோ, தோன், தொகோன்னு." ஏன்டா இத்தனை காலம் சொல்லவில்லை என்றேன். "அம்மா தூங்குதுன்னு தட்டிக் குடுக்குதுன்னு நினைச்சேன் அண்ணே. தாளம்னு எனக்கு உறைக்கல" என்றான். 

அன்று கோயில் கூடத்தில் முன்தோலுக்கு அருகே என் முகத்தில் பூச்சிச் சிறகு பட்டதுபோல ஒன்று பட்டது. கதவிடுக்கில் வருகிற காற்று என்று நினைத்தேன். அது நீ. தாளம் தொடங்கியிருந்தது, ஆறு வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்கு அவ்வளவு பெரிய தோலை அதற்கு மேல் அசைக்க முடியவில்லை. அத்தனை பெரியவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், நீ தொடங்கிவிட்டாய், ஒருவரும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை, எல்லோரும் குனிந்துவிட்டுப் போகிறார்கள். ஏன் அதற்குப் பிறகு நீ முரசுப் பக்கமே வரவில்லை, என் பக்கமும் அதிகம் வரவில்லை என்பது எனக்கு இத்தனை வருஷம் புரியாமல் இருந்தது. யார் தப்பு என்று பார்க்க இதை எழுதவில்லை. அம்மாவுக்குத் தாளம் இல்லாமல் போய்விட்டது என்று நான் இத்தனை நாள் வைத்திருந்த துக்கம் பொய்த் துக்கம், அவளுக்குத் தாளம் இருந்தது, அதன் மேல் ஏறி நிற்கத்தான் ஆள் இல்லை. இதை நினைத்தால் முன்னதைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

நவம்பர் நடுவில் அம்மாவின் முப்பத்தேழாம் வருஷப் பூசை. முரசு நம் ஊர்க் கோயில் சாமான் அறையில்தான் இருக்கிறது, போர்வையை எடுத்துப் பார்த்தேன், முன்தோலில் என் கை பட்ட இடம் கறுத்திருக்கிறது, பின்தோலில் அவள் கை பட்ட இடம் அதைவிடக் கறுப்பு. குருக்களிடம் கேட்டுவிட்டேன், எந்நேரமும் அடிக்கலாம் என்கிறார். என் வலது கை தோளுக்கு மேலே போகாது, இடுப்பு உயரத்தில் அடிப்பேன், அது போதும். அப்போது நண்டுப் பருவமும் தொடங்கியிருக்கும், எமிலுக்கு ஓடு உடைத்துக் கொடுக்க என் பல் போனாலும் விரல் இருக்கிறது. விமானத்தில் வந்தால் காலைத் தொங்கவிட்டபடியே வராதே, வீங்கும், நடுநடுவே எழுந்து நட. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள், கழுத்தை மூடு, பிள்ளைக்குக் காதை மூடு. வர முடியாவிட்டால் அதையும் சொல், கோபிக்க மாட்டேன், ஆனால் சும்மா இருந்துவிடாதே. நீயும் உன் பிள்ளையும் நோயில்லாமல், யார் கதவையும் பயந்து தட்டாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மா படத்துக்கு முன்னால் மணியடித்துச் சொல்கிறேன், இன்றும் சொன்னேன்.

இன்னும் ஒன்றுதான். முராசே போய் வெகுகாலம் ஆயிற்று, குழு அவரோடு கலைந்தது. ஓரியே போன பனியில் போனாள். கென்ஜிரோ அதற்கு முன்பே கடலில். கட்சுமி செப்டம்பர் தொடக்கத்தில் போய்விட்டான், எரித்த பிறகு எலும்பு பொறுக்க நான் போனேன். நான் இருக்கிறேன், ஆனால் நான் முன்தோல்காரன், எனக்குத் தொடங்கத் தெரியாது, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கத்தான் தெரியும். இந்த முறை எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் வந்துவிடுவேன். அந்தக் கூடத்தில் அன்று இருந்தவர்களில் அந்தத் தாளத்தைத் தொடங்கத் தெரிந்த ஆள் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான், சிஹோ.

அப்பா
தோமேகிச்சி