வேர்வையைக் கண்ணீர் என்றார்கள்

உயிரோடு இருந்தவரைக்கும் நான் பேர் சொல்லிக் கூப்பிடாத என் மதி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நாள் பேசிப் பார்த்தேன். பதில் சொல்லாத ஆளிடம் பேசப் பேச, நான் உங்களை நல்லவராக்கிக்கொண்டே போகிறேன். அது எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு ராஜபாளையத்தில் நகராட்சித் தேர்தல் வந்து முடிந்துவிட்டது. அதில் உங்கள் மனைவி மேடையேறிப் பேசினாள். நம்புவீர்களா? நான் சொல்லி நீங்கள் நம்பாமல் போனது எதுவும் கிடையாது. நான்தான் நீங்கள் சொன்னதில் பாதியை நம்பியதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்து வந்த புத்தி அது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால், பேரைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்ப்பேன். மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

உங்கள் பேச்சின் மேலும் எனக்குச் சந்தேகம்தான். “அண்ணனுக்குத் தயாரிப்பே வேண்டாம், மைக்கைக் கொடுத்தா அருவி மாதிரிக் கொட்டும்” என்பார்கள் கட்சிக்காரர்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவீர்கள். கூட்டம் இருக்கிற நாளில் நீங்கள் குளிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத்தானே தெரியும்! ஒரே வேடிக்கையைக் குளியலறைக்குள் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பீர்கள். ஜனங்கள் சிரிப்பதற்காக நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தமும் நின்றுவிடும். மேடையில் அதே இடம் வந்ததும், அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல நெற்றியைத் தடவுவீர்கள். வீட்டில் என்னிடம் பேசுவதும் இப்படி ஒத்திகை பார்த்ததுதானோ என்று நான் யோசித்ததுண்டு. இப்போது கேட்டு என்ன?

உங்கள் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து பால்ராஜ் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய அதே பால்ராஜ். இப்போது கட்சியின் வட்டச் செயலாளர்.

“மதினி, நம்ம வார்டைப் பொம்பளையளுக்கு ஒதுக்கிட்டாங்க. அண்ணன் பேருக்கு இன்னும் மரியாதை இருக்கு. நீங்க நின்னாப் போதும்” என்றார்.

“எனக்கு மேடையில பேச வராதே.”

“நான் எழுதித் தாரேன், வாசிங்க.”

“ஜெயிச்ச பொறவு?”

“கையெழுத்துப் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலியில் பேச்சு சரியாக வராதபோதும் நீங்கள் பால்ராஜின் கையைப் பிடித்து, “பாத்துக்கோடா” என்றீர்கள். எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள்? என்னையும் நம் மகள் மதியையுமா? வார்டையா? என்னிடம் சொல்லாமல் உங்கள் இரண்டு பேருக்குள் ஏதாவது பேசிவைத்திருந்தீர்களா?

சந்தேகப்பட்டுக்கொண்டேதான் சரி என்றேன். நம் தெருவைச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மூடாமல் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் கடையில் கட்டுத்துணி எடுத்துக் கொடுத்தது நான்தான். இதை ஏன் மூடவில்லை என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்டால் மூடுவார்கள் என்றால், அதை நான் கேட்டால் என்ன என்று தோன்றியது.

வேட்பாளர்களை அறிமுகம் செய்கிற கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு ஏறப்போகிற நேரத்தில்தான் பால்ராஜ் எழுதிய தாளைக் கையில் கொடுத்தார். முதல் பக்கம் முழுக்க ‘அவர்களே, அவர்களே’. அடுத்த பக்கத்தின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: ‘இங்கே நிறுத்திச் சிறிது நேரம் அழவும்.’

“இது என்னது?” என்றேன்.

“அழுகை வராட்டாலும் பரவாயில்ல மதினி. முந்தானையக் கண்ணுகிட்ட கொண்டுபோங்க. அம்புட்டுத்தான்.”

மைக்குக்கு முன்னால் போனேன். குனிந்த தலை நிமிராமல் வாசித்தேன். மைக்கில் வாயை அவ்வளவு ஒட்டி வைத்திருந்ததால் ஒவ்வொரு ‘ப’வும் பட்டாசுபோல வெடித்தது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது, எந்த வரியில் இருக்கிறேன் என்பது தவறிப்போனது. தேடினேன். கிடைக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்க, முந்தானையால் துடைத்தேன்.

“அழாதீங்கக்கா!” என்று ஒரு குரல். உடனே கைதட்டல். முன்வரிசையில் இரண்டு பெண்கள் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பால்ராஜ் ஓடிவந்து மைக்கை வாங்கி, “இதுக்கு மேல அவியளால பேச முடியாது” என்றார். தெருப் பள்ளத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இறங்கிய பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அது எழுதப்படவே இல்லை.

மறுநாள் நம் வார்டு முழுக்கச் சுவரொட்டி. முந்தானையும் என் முகமும். ‘எங்கள் சகோதரியின் கண்ணீருக்கு நீதி கேட்போம்.’ யாரிடம் கேட்பார்கள்? உங்களுக்கு வந்த நெஞ்சுவலியிடமா? என் வேர்வையைக் கண்ணீராக்க இவர்களுக்கு ஒரு இரவு போதுமென்றால், நான் போடப்போகிற கையெழுத்தை என்னவெல்லாம் ஆக்குவார்கள்?

அடுத்தது நம் தெருமுனைக் கூட்டம். இந்த முறை தாளே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மதி கல்லூரி முடிந்து வந்ததும் இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போவோம். சஞ்சீவி மலையைப் பார்த்து நான் பேச, அவள் செல்போனில் பதிவு செய்வாள்.

முதல் நாள் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், தெருவிளக்கு, குப்பை, நாய், பள்ளம், நீங்கள். கேட்டு முடித்துவிட்டு மதி, “அம்மா, கடையில நீ இப்படியா பேசுவ?” என்றாள்.

கடையில் நான் எப்படிப் பேசுவேன்? வருகிறவர் யாரென்று முதலில் முகத்தைப் பார்ப்பேன். ‘இது காலையில ஒண்ணு, சாப்பிட்ட பொறவு’ என்பேன். அதையே அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்வேன். அவர் சொன்ன பிறகுதான் அடுத்த மாத்திரை. அப்படியானால் தெருமுனைக்கு யார் வருவார்கள் என்று யோசித்தேன். மில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிறவர்கள். நின்றுகொண்டு, பசியோடு கேட்பார்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியது ஒரே ஒரு விஷயம்தான். அது எது? அதைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. கண்டுபிடித்ததும் கடைசி வாக்கியத்தை முதலில் தீர்மானித்தேன். எங்கே போய் நிற்க வேண்டுமென்று தெரிந்தால் வழியில் தடுமாறினாலும் பயமில்லை. மற்றதையெல்லாம் வெட்டினேன். உங்களையும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதிவைப் போட்டுக் கேட்டபோது இன்னொன்று பிடிபட்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். நம் தமிழில் செய்வேனா மாட்டேனா என்பதே கடைசியில்தானே வருகிறது! அதை விழுங்கினால் கேட்கிறவர்களுக்கு என்ன மிஞ்சும்? சில பேச்சாளர்கள் அதை வேண்டுமென்றே விழுங்குகிறார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. மூச்சை மிச்சம் வைத்து, கடைசிச் சொல்லைத் தரையில் வைப்பதுபோல வைக்கப் பழகினேன்.

கூட்டத்தன்று பால்ராஜ் என்னைப் பேச அழைக்கவே இல்லை. “மதினி துக்கத்துல இருக்காங்க. அவங்க சார்பா நானே ரெண்டு வார்த்தை...” என்று தொடங்கினார். தற்செயலா? மொட்டைமாடிச் சத்தம் அவர் காதுக்குப் போயிருந்ததா? நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினேன். அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மைக்கைத் தராமல் இருக்க முடியவில்லை.

உடனே பேசவில்லை. சலசலப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு முகங்களைப் பார்த்தேன். மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“போஸ்டர்ல நான் அழுதிட்டு இருக்கேன்னு போட்டிருக்காங்க. அழல. அன்னைக்கு எனக்கு வேர்த்துச்சு, தொடச்சேன்” என்றேன். எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

“இந்தப் பள்ளத்துல விழுந்தவங்களுக்கு நான் கட்டுத்துணி குடுத்திருக்கேன். இதை ஏன் மூடலன்னு கேக்கத்தான் நிக்கேன். ஜெயிச்சா வேலை பாக்கப்போறது நான். எனக்குப் பதிலா வேற யாரும் பாக்க மாட்டாங்க. பள்ளத்தை மூடலைன்னா யார்கிட்ட வந்து கேப்பீங்க?”

காத்திருந்தேன்.

“உங்ககிட்டதான்” என்றது ஒரு பெண் குரல்.

“கேக்கல. எல்லாரும் சொல்லுங்க.”

“உங்ககிட்டதான்!”

“அம்புட்டுத்தான். வாரேன்.”

எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது பால்ராஜ். அதைப் பார்த்ததும்தான் இவர் ஏதோ செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

நினைத்ததுபோலவே நடந்தது. மனுத்தாக்கல் முடிவதற்கு முன்னால் கட்சி வேட்பாளரை மாற்றியது. என் இடத்தில் பால்ராஜின் மனைவி தனம். ‘மேலிடத்து முடிவு, மதினி’ என்று போனில் சொன்னார். முதலிலிருந்தே இதுதான் திட்டமா, நான் பேசியதால் வந்ததா? இன்றுவரை தெரியவில்லை. நான் சுயேச்சையாக நின்றேன். தோற்றேன், தனம் ஜெயித்தாள். தோற்ற மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர்களின் முகங்களை எல்லாம் பார்த்தேன். எந்த முகத்தின் பின்பக்கத்திலும் தேதி அச்சடித்திருக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் செய்தி. போன வாரம் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், தனம் வந்தாள். தலைவலி மாத்திரை கேட்டாள். கொடுத்தேன். போகாமல் நின்றாள்.

“அக்கா, கவுன்சில் கூட்டத்துல நான் வாயே தொறக்கல. எல்லாத்தையும் அவருதான் எழுதிக் குடுக்காரு. கையெழுத்து மட்டுந்தான் எனக்கு. அடுத்த வாரம் நம்ம வார்டுல சனங்க கூடுத பகுதிசபைக் கூட்டம். நீங்க அன்னைக்குப் பேசுனது மாதிரி எனக்கும் பேசணும். சொல்லித் தாரீங்களா?”

“பால்ராஜ் அனுப்பிச்சாரா?”

“அவருக்குத் தெரிஞ்சா கொன்னேபோடுவாரு.”

அவள் கண்ணையே பார்த்தேன். பயம் நிஜமாகத்தான் தெரிந்தது. பயப்படுகிறவர்களையும் உளவுக்கு அனுப்பலாம். நான் என்ன பேசுவேன், எப்படிப் பேசுவேன் என்று தெரிந்துகொள்ள அவர் போட்ட திட்டமாகவும் இருக்கலாம். நீங்கள் இருந்தால், ‘ஒனக்கு எல்லாமே சந்தேகம்’ என்று சிரித்திருப்பீர்கள்.

“பள்ளம் ஏன் இன்னும் மூடலன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. என்கிட்ட யாரும் சொல்லல.”

“தெரிஞ்சுக்கிட்டு வா. தெரியாததைப் பேச நான் சொல்லித்தர மாட்டேன்.”

இரண்டு நாள் கழித்து வந்தாள். நகராட்சி அலுவலகத்துக்குத் தனியாகப் போய், பொறியாளரிடம் நேரில் கேட்டு வந்திருந்தாள். வேலையை எடுத்தவர் பாதியில் விட்டுப் போய்விட்டாராம், புது ஆளை இன்னும் போடவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் வாக்கியத்தின் முடிவை விழுங்கவில்லை. கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் நிறுத்தி, அதையே மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். அவளை நம்புகிறேனா? இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நம்பினேன்.

இந்த வாரம்தான் கூட்டம். முதல் வரிசையில் உட்காரப்போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முதல் கேள்வியை நான்தான் கேட்பேன், சுலபமான கேள்வியாகக் கேட்க மாட்டேன். அவளுக்காகப் பால்ராஜ் வாய் திறந்தால், “ஒங்ககிட்ட கேக்கல தம்பி” என்பேன். தனம் தன் வாயால் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டுக்காரியாகவே இருக்கிற,
செல்வராணி