சிரிப்புக்கு ஒதுக்காத நொடிகள்

நவம்பர் 5, புதன்
மூன்றரைக்கு ஒத்திகை என்றார்கள். நாலேகாலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் ஒருத்தன் வசனத் தாளைத் தேடுகிறான், இன்னொருத்தி தண்ணீர் குடிக்கப் போகிறாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தது ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்க. பதினோராம் வகுப்பை மேய்க்க அல்ல. போட்டிக்காகத் தங்கை எழுதி இயக்கும் நாடகமாயிற்றே, சவுண்டு பார்த்துக்கொடுப்போம் என்று கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். நன்றாக வேண்டும் எனக்கு.

கதை இதுதான்: வீட்டைக் காலி செய்ய மனமில்லாத குடித்தனக்காரன், வீட்டில் பேய் இருப்பதாகக் கிளப்பிவிடுகிறான். வீட்டுக்காரம்மா மசியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 7
சாப்பிடும்போது அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "போட்டியில ஜெயிச்சா தொடர்ந்து நாடகம் போடு. இல்லேன்னா இதோட சரி, சாயங்காலம் டியூஷன். அப்புறம் பேச்சே கிடையாது." தங்கை தலையாட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "நீதாண்ணா பாத்துக்கணும்" என்றாள். நான் என்ன, நடுவரா?

நவம்பர் 10
குரலை முன்கூட்டியே பதிவுசெய்து ஓட்டலாம், மேடையில் வாயசைத்தால் போதும் என்று போட்டி விதியிலேயே இருக்கிறது. வசனம் மறக்காது. கடைசி வரிசைக்கும் கேட்கும். தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. "உயிர் இருக்காதேண்ணா." உயிரை எந்த வயரில் கொடுப்பது என்று கேட்டேன்.

பதிவு முடிந்தது. இருபத்திரண்டு நிமிடம். அனுமதி இருபதுதான். மீறினால் போட்டியிலிருந்து நீக்கம்.

நவம்பர் 11
வசனங்களுக்கு நடுவே இருந்த மௌனத்தையெல்லாம் வெட்டினேன். மூன்றரை நிமிடம் சும்மா கிடந்திருக்கிறது! இப்போது பதினெட்டரை. கச்சிதம்.

நவம்பர் 14, வெள்ளி
மானம் போச்சு.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒருமுறை போட்டுப் பார்த்தோம். வீட்டுக்காரம்மாவாக வருபவள் நெட்டை, ஒல்லி. எல்லாருக்கும் அவள் ஒட்டடைக்குச்சி. "பேய் குளிக்குமா? அப்ப தண்ணி பத்தாதே!" என்று அவள் வாயசைத்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அவள் நின்றாள். பதிவு நிற்குமா? அது பாட்டுக்கு ஓடியது. அடுத்த நாலு வசனம் சத்தத்தில் கரைந்துபோயிற்று. யார் குரலுக்கு யார் வாயசைப்பது என்று தெரியாமல், வீட்டுக்காரம்மா வாயிலிருந்து பேயின் ஆண்குரல் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் சிரித்தது நாடகத்துக்காக அல்ல.

ஒட்டடைக்குச்சி அழுதுகொண்டே கேட்டாள்: "ஏண்ணா, ஜனங்க சிரிப்பாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோணல. அதுதான் உண்மை. படிச்சு என்ன புண்ணியம்?

நவம்பர் 15
தங்கை முகம்கொடுத்துப் பேசவில்லை. அம்மா மூலமாகத்தான் தகவல்: பதிவு வேண்டாமாம், நேரடியாகவே பேசப்போகிறார்களாம். மேடைக்கு மேலே நாலு மைக் தொங்கவிட முடியுமா என்று கேட்கச் சொன்னாளாம். அடுத்த அறையில்தான் இருக்கிறாள், மகாராணி.

முடியும் என்று சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 19
எந்த மைக்கை எப்போது ஏற்றி இறக்குவது என்று பார்த்துப் பார்த்து மொத்த வசனமும் மனப்பாடம். கடையில் ஸ்பீக்கரைச் சோதிக்க 'ஹலோ' சொல்வதற்குப் பதில் "தண்ணி பத்தாதே" என்றேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தங்கை ஒரு காட்சியையே தூக்கிவிட்டாள். அப்படியும், யாரும் சிரிக்காவிட்டாலே பத்தொன்பதரை நிமிடம். இது ஆகாது என்றேன். "அதுக்கு? சிரிக்காதீங்கன்னு போர்டு மாட்டவா?" ஐந்து நாளில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

நவம்பர் 22, சனி
சிரித்தார்கள். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் அப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு சிரிப்புக்கும் பிள்ளைகள் நின்றார்கள்; அடங்கியதும் பேசினார்கள். நானும் காத்திருந்தேன். கடிகாரம் காத்திருக்குமா?

இருபதாவது நிமிடம் மணி அடித்தது. அமைப்பாளர் ஓடிவந்தார். "தம்பி, மைக்கை நிறுத்துங்க."

நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பத்து நொடி. முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

நீக்கம்.

நவம்பர் 23
அப்பாவிடம் போய் நின்றேன். "நீங்களும்தானே சிரிச்சீங்க? அதையும் சேர்த்துத்தானே நேரம் தாண்டுச்சு?"

"சிரிச்சேன். அதுக்காக? சொன்னா சொன்னதுதான்."

நல்லா இருக்கு நியாயம்! தங்கை டியூஷன் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 10
மணி ஐந்து. தங்கை டியூஷனில் இருப்பாள். ஒட்டடைக்குச்சியும் பேயாக நடித்தவனும் கடைக்கு வந்து நின்றார்கள். கையில் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்கள், தங்கையின் கையெழுத்து.

"புதுசு எழுதிக் குடுத்துட்டாண்ணா. நாங்களே போட்டுக்கணுமாம். எங்க நிறுத்திப் பேசணும்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லணுமாம்."

எனக்கு வேற வேலை இல்லையா? முதல் பக்கத்திலேயே ஒன்பது பேர். ஒன்பது பேரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டிருக்கிறாள், அறிவில்லாமல்.

இரண்டாம் பக்கத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கவேண்டியிருக்கும்.