சத்தமில்லாத காற்று

நைனா,

இன்று காசிமேட்டில் படகுப் பட்டறையைக் கடக்கும்போது யாரோ இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக உன் சட்டையில் வீட்டுக்கு வந்த வாடை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

காலமெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக் கேஸ் கட்டிங் செய்த உனக்குக் கடைசியில் மூச்சுவிடவே அந்தச் சிலிண்டர் வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதும், கூடினால் மயக்கம் வரும், மூச்சு இன்னும் மந்தமாகும் என்றார் டாக்டர். வாடகை சிலிண்டரோடு வந்த ரெகுலேட்டரோ பதினைந்து லிட்டர் வரை போவது. ஒன்றில் வைத்தால், அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் சின்னக் குண்டு நடுங்கும். திருகில் விரல் பட்டாலே மூன்றுக்கு ஏறிவிடும்.

பட்ட விரல் உன்னுடையதுதான். பட்டறையில் நீ அளவைப் பார்த்ததில்லை. சீற்றத்தைக் காதால் கேட்டு, தீயின் நிறம் பார்த்துத் திருகியே பழக்கம். ஒரு லிட்டருக்குச் சத்தமே கிடையாது.

"இன்னாம்மே, காத்து வருதா இல்லியா? காலி சிலிண்டர குட்த்துட்டானா?"

"வருது நைனா. மூக்குக்குப் போவுது, இரும்புக்கு இல்ல."

"வர்ற காத்து சொல்லிக்கினு வரணும்."

"மாப்பிள்ளையா, மேளம் அடிச்சிக்கினு வர?"

சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தேன். எழுப்ப எழுப்ப நீ எழவில்லை. குண்டு ஐந்தில் நின்றது. நீ தேறியதும் வேறு ரெகுலேட்டர் தேடி ராயபுரத்தில் கடை கடையாக அலைந்தேன். "பெர்சா வாங்கினா எல்லாத்துக்கும் ஆவும்மா" என்றார் கடைக்காரர். நான் சின்னதை வாங்கினேன். கால், அரை, ஒன்று, இரண்டு லிட்டர். இடையில் நிற்காது, இரண்டைத் தாண்டாது.

நீ அதை உருட்டிப் பார்த்தாய். "இதுல கொசுவுக்குத்தான் காத்து வரும்."

குழாய் முனையைத் தண்ணீர் டம்ளரில் வைத்துக் குமிழிகளைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாய். அதன்பின் நீ மயங்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கத் தெளிவாக என்னோடு பேசிக்கொண்டிருந்தாய்.

கடைசி நாள் காலை மூச்சு முட்டியது. டாக்டரிடம் போனில் கேட்டு இரண்டில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் தொற கண்ணு."

"இதுல அவ்ளோதான் நைனா."

நீ திருகைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய்.

நான் வாங்கியதுதான் சரி, கூடக் கொடுத்திருந்தாலும் உயிர் நின்றிருக்காது என்றார் டாக்டர். நம்புகிறேன். சரியாகத் தேர்ந்தெடுத்ததற்காகவும் ஒருத்தி வருந்த முடியும் என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் யாராவது இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால், அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பானை காலியென்று தெரிந்தும் எழுந்துபோய்த் திறந்து பார்க்கிறேன்.