கிட்வாய் நகரில் நம் கார் கிளம்பிய ஞாயிறு

என்னங்க, உங்களைத்தான்!

டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டது. மீனா உங்கள் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போகிறாள். உங்கள் தம்பி சங்கரன் திருநெல்வேலியிலிருந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போக வந்திருந்தார். நல்ல மனசோடுதான் வந்தார்.

அவர் வந்த வேளை, நம் கார் படுத்துக்கொண்டது. தள்ளினால் கிளம்பும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரோஜினி நகர் மெக்கானிக் வந்து பார்த்து, ஸ்டார்ட்டர் மோட்டாரே போய்விட்டது என்றார்.

"வண்டிய வித்துட்டு ஊருக்கு வந்திருங்க மதினி. இந்த ஊர்ல தனியா என்ன செய்வீய?" என்றார் சங்கரன்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு பானட்டைத் திறந்தேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கப் பழுதான லைன்களைச் சோதிப்பவள் நான். என்னை ஏன் ஒருநாளும் அந்த பானட்டைத் தொடவிட்டதில்லை நீங்கள்?

முதலில் ஹெட்லைட்டைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பியபோதும் அவ்வளவாக மங்கவில்லை. அப்படியென்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. 'டக்' சத்தம் வருவதால் சாவியிலும் குறையில்லை. ஆனால் மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் ஓடவில்லை. எங்கே தடைபடுகிறது?

சங்கரனைச் சாவியைத் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். குளிரில் இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக்கின் கம்பியில் கை பட்டதும் சுரீர் என்று சுட்டது. சோக்கை இழுக்க மட்டுமே உள்ள கம்பி ஏன் சுடவேண்டும்? மோட்டாருக்குப் போன கரண்ட் திரும்பிவர வழியில்லாமல் அதில் புகுந்து வருகிறது!

எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது.

கரண்ட் திரும்பவேண்டிய வழி, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. அடியில் குனிந்து பார்த்தேன். போல்ட்டைச் சுற்றி ஒரே துரு. பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டையின் இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக முடுக்கினேன்.

"இப்ப திருப்புங்க தம்பி."

ஒரே திருப்பு. இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. மீனா பால்கனியிலிருந்து, "சாச்சா, ஸ்டார்ட் ஹோ கயா!" என்று, கார் கிளம்பிவிட்டதைச் சித்தப்பாவுக்கு இந்தியிலேயே கத்திச் சொன்னாள்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "நான் வரல தம்பி. எனக்கு வேலை இங்க, மீனாவுக்குப் படிப்பு இங்க. லீவுக்கு வர்றோம்."

சங்கரன் இன்ஜினை அணைத்தார். பிறகு, "அண்ணன் இருந்தா என்ன சொல்லுவான் மதினி?" என்றார்.

"முதல்ல, பானட்டை ஏன் தொட்டேன்னு சத்தம் போடுவார்" என்றேன். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. எனக்கும்தான்.

நேற்று அவரை ஸ்டேஷனுக்கு நானே கார் ஓட்டிக் கூட்டிப்போனேன். உங்கள் பெயரில் இருந்த கவர்மென்ட் குவார்ட்டர்ஸும் என் பெயருக்கு மாறிவிட்டது. இனி நாங்கள் எங்கும் போவதாக இல்லை.

வயது வந்ததும் மீனாவுக்கு கார் ஓட்டச் சொல்லித் தருவேன். கிளட்ச்சை விடத் தவறும்போதெல்லாம் நீங்கள் என்னிடம் கத்தியதுபோலக் கத்தமாட்டேன். சத்தியம்.

உங்கள் மனைவி,
மீனாவின் அம்மா