அனகாபுத்தூர் துண்டுக்கு ஒரு கம்பளி

அண்ணா,

இன்று காலை பரணிலிருந்து கம்பளியை இறக்கினேன். மாடிக்கு எடுத்துப் போவதற்குள் வீடு முழுக்க ஆட்டு வாசனை. விடாத மழையில் சுவரெல்லாம் ஓதமேறிக் கிடக்கிறது. பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டி இந்த மனையை வாங்கச் சொன்னது நீங்கள்தான். "காத்து சும்மா பிச்சிகினு வரும் சகல" என்றீர்கள். காற்று வருகிறது. ஐப்பசி பிறந்தால் தண்ணீரும் வருகிறது. நீங்கள் செத்துப்போனீர்கள் என்பதற்காக அதை மறந்துவிட என்னால் முடியவில்லை.

அக்கா தங்கையைக் கட்டியவர்கள் நாம். நீங்கள் மூத்த மாப்பிள்ளை. பந்தியில் முதல் இலை உங்களுக்கு, தீபாவளிக்குப் பட்டு வேட்டி உங்களுக்கு. மாமனார் தன் பெயரை வெட்டி வைத்திருந்த எவர்சில்வர் தூக்குவாளியும் கடைசியில் உங்கள் வீட்டுக்குத்தான் போயிற்று. அதையேதான் முக்திநாத் யாத்திரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். நேபாளத்து மலைப்பாதை நெடுக அது என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

ஜோம்சோமுக்கு முன்னால் மண் சரிந்து வழி அடைபட்டது. வேன் ஒரு சிற்றூரில் நின்றுவிட்டது. இருந்த ஒரே விடுதியில் யாத்திரைக்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் என் மனைவிக்கு இடம் கிடைத்தது, போர்வை கிடைக்கவில்லை. நம் சால்வைகள் எல்லாவற்றையும் போர்த்தியும் அவள் பல் கிட்டி நடுங்கினாள். உடம்பு கொதித்தது. இன்னும் இருட்டவில்லை, இருட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயந்தேன்.

எதிர் மேட்டு வீட்டின் கல்சுவரில் ஒரு கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. மேலேறிப் போய், அந்த வீட்டுப் பெண்மணியிடம் ரூபாய் நோட்டுகளை நீட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இன்னும் சிலவற்றைச் சேர்த்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பளியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கீழே வந்து அவளைத் திட்டினேன். ஈரமில்லாத ஜனங்கள் என்றேன்.

நீங்கள் சமையல்காரனிடம் சோறு வாங்கி, அண்ணி ஊரிலிருந்து கட்டி எடுத்து வந்திருந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து, தூக்கில் நிரப்பிக்கொண்டு மேடேறினீர்கள்.

தூக்கு காய்ந்த ஆப்பிள் வில்லைகளோடு திரும்பி வந்தது. அதைத் தட்டில் கொட்டிவிட்டு, உங்கள் அனகாபுத்தூர்க் கடையிலிருந்து எடுத்து வந்திருந்த நைலான் கயிற்றையும் ஒரு சரம் ஊக்குகளையும் தூக்கில் போட்டீர்கள். இந்த முறை வெந்த உருளைக்கிழங்கு வந்தது. அடுத்து, தைல டப்பா போயிற்று.

"கம்பளிக்குத் தூண்டில் போடறீங்களாண்ணா?" என்றேன்.

"தூண்டில்லாம் இல்ல சகல. நீங்க நோட்ட நீட்னீங்க, அவங்களக் கடைக்காரி ஆக்கிட்டீங்க. தூக்கு போனா பக்கத்து வூடு. நம்மூர்ல எந்தப் பொம்பள பக்கத்து வூட்டுத் தூக்க வெறுமனே அனுப்பறா?"

"இது நம்மூரா?"

"ஆப்பிள் வந்துச்சில்ல? அப்பறம் இன்னா?"

நீங்கள் அவளிடம் பேசியதெல்லாம் அனகாபுத்தூர்த் தமிழ். "தங்கச்சிக்குக் குளிரு தாங்கலமா" என்று சொல்லி, தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டி, கீழே எங்களைச் சுட்டினீர்கள். அவள் தன் மொழியில் என்னவோ கேட்டாள். நீங்கள் அதற்கும் பதில் சொன்னீர்கள்.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். தோளில் கம்பளி, கையில் தூக்கு. என் மனைவியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சால்வைகளை உருவி எறிந்துவிட்டு, கம்பளியைக் கால் முதல் காதுவரை சுற்றி, கைக்குழந்தையைப் பொதிவதுபோலப் பொதிந்தாள். அப்புறம் எழுந்து நின்று உங்களைப் பார்த்தாள். கொடுத்தாகிவிட்டது, உன்னிடம் என்ன இருக்கிறது என்ற பார்வை.

பையைத் தரையில் கவிழ்த்தீர்கள். டார்ச் லைட், கத்திரிக்கோல், சோப்பு. எதையும் அவள் தொடவில்லை. உங்கள் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்தாள். உங்கள் தெருத் தறியில் நெய்த வெள்ளைத் துண்டு. இழையை இரு விரலால் தேய்த்தாள், வெளிச்சத்துக்குப் பிடித்தாள், அதன் வழியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு மெல்லிய துணியும் உலகத்தில் உண்டா என்பதுபோல அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நெய்கிற கை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கம்பளியும் அவள் நெய்ததுதான்.

"துண்டுக்குக் கம்பளியா? அவங்களுக்கு நஷ்டம் இல்லியாண்ணா?" என்றேன்.

"அவங்க பாத்து எடுத்துகினாங்க. நடுவுல நீங்க இன்னாத்துக்குத் தராசு புடிக்கறீங்க?"

பக்கத்து டேபிளில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவியின் நடுக்கம் நின்றிருந்தது.

மறுநாள் வழி திறந்தது. காய்ச்சல் விட்டு, என் மனைவி நல்லபடியாக முக்திநாதனைப் பார்த்துவிட்டாள். திரும்பும்போது அதே ஊரில் வேன் நின்றது. அந்த மேட்டு வீட்டுப் பெண்மணி ஓடிவந்து ஜன்னல் வழியாகச் சுடு ரொட்டிகளை நீட்டினாள். நீங்கள் பையைத் துழாவினீர்கள். ஒன்றும் மிச்சமில்லை.

"சகல, உங்க பையில இன்னா கீது?"

யாருக்கும் காட்டாமல் நான் அடியில் வைத்திருந்த காபிப் பொடி இருந்தது. எடுத்தேன். தூக்கில் கொட்டி, மூடி, என் கையாலேயே அவளிடம் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரு என்று கைகாட்டிவிட்டு மேட்டை நோக்கி ஓடினாள். அதற்குள் பின்னால் ஹாரன் அலற, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

"அப்பாவோட தூக்குங்க" என்று அண்ணி பதறினார்.

"எங்க போவப் போவுது? திரும்ப வரும்போது வாங்கிக்கலாம்" என்றீர்கள்.

நீங்கள் போகவில்லை. இனிமேல் நான் போவேனா என்றும் தெரியவில்லை. மனை விஷயத்தில் என் மனம் ஆறவில்லை. முதல் இலை விஷயத்திலும் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகையில், அந்த மேட்டு வீட்டுக்கு வந்ததும் அடுக்குவது நின்றுவிடுகிறது. அங்கே ஓர் அடுப்பங்கரையில் நம் மாமனாரின் பெயர் தமிழில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத ஒருத்தி அந்தத் தூக்கை நமக்காக நிரப்பி வைத்திருக்கிறாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.