அடுப்பு மேல் சத்தியம்

அக்கா,

இன்று காலை கேஸ் தீர்ந்துவிட்டது. பரணில் கிடந்த பம்ப் ஸ்டவ்வை இறக்கிப் பற்றவைத்தேன். மண்ணெண்ணெய் வாடை எழுந்ததுமே திரும்பிப் பார்த்தேன், என் சமையலறை வாசலில் தட்டோடு நீங்கள் நிற்கிறீர்களா என்று.

மெட்டுகுடாவில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீங்கள் ரஷ்யாக்காரர்கள் வந்துபோகிற தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவர். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். சாயங்காலம் தோசைக்கு வரும்போது, ரஷ்யப் புத்தகங்களில் படித்த சிதியர்கள் என்ற பழங்கால ஜனத்தையும் பேச்சில் கூடவே கூட்டிவருவீர்கள்.

"குதிரை மேலயே வாழ்ந்த ஜனம்டி. எழுத்தே கிடையாது. அவங்க பாஷையில பேருங்கதான் கொஞ்சம் மிச்சம். அதுவும் கிரேக்கர் எழுதிவெச்சதால."

"குதிரைக்குப் புல்லு போடவே நேரம் சரியா இருந்திருக்கும். எழுத எங்க நேரம், பாவம்!" என்பேன்.

அவர்களுக்கு அடுப்புதான் பெரிய தெய்வம், பெயர் தபிதி என்று சொன்ன நாளோடு என் சொந்தப் பெயர் போயிற்று. "தபிதி, இன்னொரு தோசை!" என்பீர்கள். "அடுப்பு மேல சத்தியமா மாவு தீந்துபோச்சு" என்று அளந்துவிட்டு அடுத்ததை ஊற்றுவேன். நீங்கள் விரலை ஆட்டுவீர்கள்.

"அடியே, அங்க ராஜாவுக்கு உடம்பு முடியலேன்னா, எவன் ராஜா அடுப்பு மேல பொய் சத்தியம் பண்ணான்னுதான் தேடுவாங்க. தல போயிடும்!"

"இங்க ராஜா யாரு இருக்கா? எதுக்கு பயம்?"

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் நீங்கள் பக்கவாதம் வந்து விழுந்தீர்கள். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. நான்கு பாஷை பேசிய வாயில் பெயர்கள் மட்டுமே மிஞ்சின. தண்ணீர் வேண்டுமா என்றால் தம்பி பெயர். வலிக்கிறதா என்றால் அம்மா பெயர். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள் அக்கா, பொய் சத்தியம் செய்தவள் நான்தானே. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? இது ராஜா அடுப்பா? பஜார்ல பேரம் பேசி வாங்கின ஸ்டவ்வுடி" என்றார். சரிதான். ஆனாலும் பற்றவைக்கும்போதெல்லாம் அடுப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். அதைவிடப் பெரிய பயம், யார் யார் பெயரோ வந்த உங்கள் வாயில் என் பெயர் மட்டும் வரவில்லை. "செல்வி, அக்கா. செல்வி" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒருநாள், உங்கள் கட்டிலருகிலேயே ஸ்டவ்வை வைத்துத் தோசை ஊற்றினேன். இரண்டு தின்றீர்கள். பாத்திரத்தை வழித்தாயிற்று. சத்தியம் செய்ய வாய் கூசியது. "மாவு தீந்துபோச்சுக்கா" என்றேன், வெறுமனே.

இடது கை மெல்ல எழுந்தது. விரல் ஆடியது.

"தபிதி."

சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினீர்கள். நான் வாழ்நாளில் முதல்முறை உண்மை சொன்னேன், நீங்கள் நம்பவில்லை! அழுதுகொண்டே எதிர்வீட்டுக்கு மாவு கேட்டு ஓடினேன்.

பொங்கல் வரை இருந்தீர்கள். அதற்குள் இன்னும் எத்தனையோ முறை கூப்பிட்டீர்கள். இப்போது அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், நேற்று என்ன சத்தியம் செய்தேன் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

எத்தனை பேருக்கு ஊற்றினாலும் கடைசிக் கரண்டி மாவைத் தனியே எடுத்துவைக்கிறேன் அக்கா. இன்றும் வைத்திருக்கிறேன். யாராவது தட்டை நீட்டினால் இல்லை என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.